குரங்குகளின் பிரட்டு

சென்ற மழைக்காலத்தில் குன்னூரில் ஓர் எலும்பு டாக்டர் என் வலது முழங்காலின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு.

"வயசானா சிலருக்கு வருமுங்க. சுண்ணாம்புச் சத்து மூட்டுல போய்ப் படியுது. பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார்.

அந்தக் கோடு எனக்குப் பழக்கமானது. அதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு குரங்கின் காலில். பார்த்தது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை மதியம் அந்தக் குரங்கு இல்லை.

எழுபதுகளின் கடைசியில், கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். இன்று அந்த நிலையம் இல்லை. கட்டடத்தில் யாரோ காளான் வளர்ப்பதாகக் கேள்வி. அங்கே ஒருவர் விஞ்ஞானம் செய்தால், அதற்கான விதிகளைத் தெரிந்து வைத்திருக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவன் நான். ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்குவதற்கு எத்தனை கையெழுத்து, உடைந்த குடுவையை உடைந்தது என்று அறிவிக்க யாருக்கு அதிகாரம், இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நிலையத்தின் பின்புறம் கம்பிவலை அடித்த ஒரு நீளக் கொட்டகை. அதில் ஒரு கூட்டம் நாட்டுக் குரங்குகள். வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக எனக்கு முன்பிருந்தவர்கள் காலத்தில் பிடித்து வந்தவை. அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது. முடிந்தபின் குரங்குகளை என்ன செய்வது என்று எவரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு இல்லாமல் காட்டில் விடவும் முடியாது, கொல்லவும் முடியாது. ஆகவே அவை அரசாங்கக் கடலையும் வாழைப்பழமும் தின்று கிழடு தட்டிப்போயின. காட்டில் எந்தக் குரங்கும் அந்த வயதுவரை இருக்காது என்பார்கள். விதிகள் உயிரை நீட்டித்து நான் பார்த்த ஒரே இடம் அது.

அந்தக் கிழட்டுக் குரங்குகளுக்காகவே ஒரு டாக்டர் மாற்றலாகி வந்தார். ஈரல் ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர், இப்போது மூட்டுக்கு வந்திருந்தார். வயதான மனிதர்களின் மூட்டுக்குள் ஒருவகைச் சுண்ணாம்புப் படிகம் சேர்ந்து, திடீரென்று முழங்கால் வீங்கிக் கொதிக்கும். கீல்வாதம் என்று தவறாக எண்ணி மருந்து கொடுப்பார்கள். இதை ஆராய எலி உதவாது, எலி அத்தனை காலம் வாழ்வதில்லை. குரங்குக்குத்தான் நம்மைப் போலவே முதுமையும் வருகிறது, இந்த நோயும் தானாக வருகிறது. "மனுஷனோட முழங்காலுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது" என்று வந்த அன்றே சொன்னார். கொட்டகைக்குள் அவை தமக்குள் பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

குரங்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, இரு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர். கோப்பில் 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதுவோம். அவர் எங்கிருந்தும் திரும்பவில்லை, முதன்முறையாக வந்தார். கூடலூர்ப் பக்கம் அரசுத் தோட்டத்தில் அவர் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. அந்த ஊர் மழை அவருடைய கணவரின் நெஞ்சுச் சளிக்கு ஆகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் இருமிக்கொண்டே கிடந்ததைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் இடம். விட்டால் விட்டதுதான்.

எங்களிடம் கிடைத்த வேலையோடு கொட்டகையை ஒட்டிய ஓர் அறையும் உண்டு. கணவர் அதில் படுத்திருப்பார். நியமன உத்தரவு வாங்கிய அன்று அதில் இருந்த ஒரு வரியை நானே அந்த அம்மாளுக்குப் படித்துச் சொன்னேன்: இந்தப் பணியிடம் மேற்படி விலங்குகள் உள்ளவரை மட்டுமே. கொட்டகை காலியானால் வேலையும் போகும், அறையும் போகும்.

"அதுக ரொம்ப நாளைக்கு இருக்கும்ங்கய்யா. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒழுங்கு தோட்டத்து ஒழுங்கு. வந்த சில வாரங்களிலேயே என்னிடம் ஒரு யோசனையோடு நின்றார்.

"ஐயா, இதுகளுக்கு ஒரு பிரட்டு வைக்கணும்ங்க. கண்ட நேரத்துல திங்கிது, கண்ட நேரத்துல தூங்குது. மூத்ததுகளுக்கு ஒண்ணும் மிஞ்சுறதில்ல."

இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலை தப்படித்ததும் எல்லாரும் ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும். ஆள் பார்த்துப் பெயர் பதிந்து வேலைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பிரட்டு. பிந்தி வந்தவருக்கு அன்று பெயர் கிடையாது, பெயர் இல்லையென்றால் கூலியும் கிடையாது.

பக்கத்தில் நின்ற எங்கள் லேப் டெக்னீஷியன் சிரித்தார். அவர் அன்னூர்க்காரர்; எலும்பையும் சதையையும் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது அவர் வேலை. "ஏனுங்கக்கா, கொரங்குக்கு என்னத்துக்குங்க பிரட்டு? கொழுந்தா பறிக்கப் போகுது?"

"பறிக்கச் சொன்னா ஒன்னயவிட சுத்தமாப் பறிக்கும் தம்பி."

பழைய பிஸ்கட் தகரத்தைக் கரண்டியால் தட்டுவார். கொட்டகையின் மேல்கோடியில் ஒரு மேடை, அதில் கடலை. ஒரு மாதத்தில் அத்தனை குரங்குகளும் தகரச் சத்தத்துக்கு ஏறி வந்து மேடையோரம் வரிசையாக உட்கார்ந்தன. ஆளாளுக்குப் பங்கு. எப்போதும் முதலில் வந்து மற்றவற்றை உறுமி ஒழுங்குபடுத்தும் பெண்குரங்கு ஒன்று இருந்தது. அதற்கு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவரின் பட்டமான 'கங்காணி' என்று பெயர் வைத்தார். பணியாளர்கள்கூட வேலைக்கு முன் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வருகைப்பதிவு அவ்வளவு சீராக இருந்ததில்லை.

புது டாக்டரும் பார்த்தார். ஒரு திங்கட்கிழமைக் காலை, பனி விலகாத நேரம், கையில் டீ கிளாஸோடு கொட்டகையோரம் நின்றிருந்தார். தகரம் ஒலித்தது. குரங்குகள் ஏறின. கடைசியாக ஒரு கிழட்டு ஆண்குரங்கு ஒரு காலை மடக்க முடியாமல், கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தது.

"பிரமாதம்! இதைவிட என்ன பரிசோதனை வேணும்? யார் கடைசியா வர்றாங்களோ அவங்களுக்குத்தான் மூட்டு கெட்டிருக்கு" என்றார் டாக்டர்.

அந்த ஆண்குரங்குக்கு அந்த வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் மேலே சொன்ன வெள்ளைக் கோடு அதனுடையது. அடுத்த திங்கட்கிழமை ஊசி போட்டார்கள். வலி தெரியாத ஊசி. அதற்கான நடைமுறையில் குறையே சொல்ல முடியாது. மதியம் பின்புறம் கழிவு எரிக்கும் சூளையிலிருந்து புகை எழுந்து, தேயிலைக்கு மேலே போகாமல், மூடுபனியோடு கலந்து கொட்டகையைச் சுற்றியே நின்றது.

அதிலிருந்து திங்கட்கிழமை தோறும் டாக்டர் டீ கிளாஸோடு வந்தார். கடைசியாக வந்த குரங்கு கீழே லேபுக்குப் போனது, திரும்பி வரவில்லை. குரங்குகளின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தகரம் தட்டியதும் முன்பு கத்திக்கொண்டு ஏறுபவை இப்போது வாயைத் திறக்காமல் ஏறின. அந்த அம்மாள் தகரத்தைத் தட்டும் ஓசையும் வாரத்துக்கு வாரம் தாழ்ந்துகொண்டே வந்தது.

ஒரு திங்கட்கிழமை தகரம் தட்டியும் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் கீழ்ப்பலகையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, டாக்டரையே பார்த்தன. டாக்டர் வலையருகே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த இனத்துக்குக் கன்னத்தில் இரை சேர்த்துவைக்கும் பை உண்டு. அத்தனை குரங்குகளின் கன்னமும் உப்பியிருந்தது. விடியுமுன்பே யாரோ வயிறு நிறையத் தீனி போட்டிருக்கிறார்கள்.

"அம்மா, இது ஆராய்ச்சி. பாசத்துக்கு இங்க இடமில்ல" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை.

"பாசமெல்லாம் இல்லீங்க தொரை. இதுகளுக்கு அப்புறம் எங்களுக்கு லயம் கிடையாதுங்க" என்றார் அந்த அம்மாள். தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் வரிசை அறைக்கு லயம் என்று பெயர்.

அன்று முதல் கடலைச் சாக்கு இருந்த அறையின் சாவி அலுவலகத்தில் இருக்கும் என்று உத்தரவாயிற்று. உணவு தகரம் தட்டியபின் மட்டுமே. தகரம் தட்டுவது பராமரிப்பாளரின் கடமைகளில் ஒன்று. அவர் பழக்கதோஷத்தில் தொடங்கிய ஒன்று எழுத்துபூர்வமான நடைமுறை ஆகிவிட்டது. அதன் வாசகம் என்னுடையது, பிழை கிடையாது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. எக்ஸ்ரேயில் கோடு தெரிகிறது. ஆனால் மூட்டை எடுத்துச் சீவிப் பார்த்தால் படிகம் எதுவும் இல்லை. டெக்னீஷியன் கைதேர்ந்தவர். எலும்பு கத்திக்கு இளகுவதற்காக முதலில் ஆசிட்டில் ஊறப்போட வேண்டும், பிறகு மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்ற வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த முறை அதுதான். அவர் சீவல்கள் கண்ணாடி போல் இருக்கும். அவற்றில் எல்லாம் தெரியும், தேடியதைத் தவிர.

அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் லேப் வாசலில் நின்று கேட்பார்.

"தம்பி, கல்லு இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. சுத்தமா இருக்குது."

"நல்லதாப் போச்சு."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒன்றும் அகப்படவில்லையென்றால் டாக்டருக்கு அலுத்துவிடும், மேலிடத்துக்கும் அலுத்துவிடும். டாக்டர் ஈரலுக்கே திரும்பிப் போவார். மிச்சக் குரங்குகள் பழையபடி உத்தரவு இல்லாமல் வாழும். அப்படித்தான் நடக்கவும் இருந்தது. இந்த வருடத்தோடு இதை முடித்துக்கொள்ளலாமே என்று மேலிடத்திலிருந்து சாடையாகக் கேட்டுவிட்டார்கள். டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று.

அந்த நாட்களில்தான் ஒருநாள் காலையில் அவர் அந்த அம்மாளை உற்றுப் பார்த்தார். வாளியோடு படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முழங்காலில் கைவைத்து நின்று ஏறுவார். டாக்டர் குரங்கைப் பார்க்கும் அதே கண்ணோடு, தலையைச் சாய்த்து, அதைப் பார்த்தார்.

"உங்க முழங்காலை ஒரு படம் எடுத்துப் பாக்கலாமா? காசு வேண்டாம்."

அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். "வேணாங்க தொரை. இங்க படம் எடுத்ததுக எதுவும் திரும்பி வரலீங்க."

டெக்னீஷியன் சிரிப்பை அடக்க இருமினார். டாக்டரும் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து டாக்டர் கண்ணில் படும்போதெல்லாம் கையை முழங்காலிலிருந்து எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வேகமாகப் படியேறினார்.

ஆசிட் தீர்ந்துபோனது அப்போதுதான். எவ்வளவு சிறிய பொருளுக்கும் மூன்று கடைகளிடம் விலை கேட்க வேண்டும் என்பது விதி. அந்த ஆசிட்டைக் கோயம்புத்தூரில் ஒரே ஒரு கடைதான் விற்றது. ஒரு கடையின் விலைப்புள்ளியோடு வந்த கோரிக்கை மூன்றில்லாமல் நகராது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வேறு. அதற்குள் ஒரு குரங்கின் மூட்டு ஸ்பிரிட்டில் கிடந்து காத்திருந்தது.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "எலும்பை விடுப்பா. மேல இருக்கிற குருத்தை மட்டும் பச்சையாச் சீவிக் காட்டு" என்றார்.

குருத்தெலும்பை வெட்ட ஆசிட் தேவையில்லை. டெக்னீஷியன் பிளேடால் ஒரு கீற்று எடுத்து, ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, குனிந்தார். நிமிர்ந்தவர் சுவரில் ஒட்டியிருந்த முறையை ஒருமுறை பார்த்தார்.

"சார். நெறைய இருக்குதுங்க சார்."

எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தோம். கன்னங்கரேலென்ற வெளியில் சின்னச் சின்னச் செங்கற்கள் போல, சாய்ந்த பக்கங்களோடு, நீலமும் மஞ்சளுமாக மின்னிக்கொண்டிருந்தன. படிகம் சுண்ணாம்பு உப்பு; ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்த விஷயம். சுவரில் எழுதியிருந்ததால் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை மாதமாக நோயைக் கழுவி ஊற்றிவிட்டு, நோய் எங்கே என்று அடுத்த குரங்கைப் பிடித்திருக்கிறார்கள்.

டாக்டர் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாளையும் கூப்பிட்டார். அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார். பிறகு டெக்னீஷியனிடம் திரும்பினார். "முன்ன போனதுக எல்லாத்துக்கும் இது இருந்துச்சா தம்பி?"

"இருந்திருக்குமுங்கக்கா. ஆசிட்ல போட்டு நானேதான் கரைச்சுப்போட்டனுங்க."

"அப்ப அதுக கணக்குல வராதா?"

"வராதுங்க."

"பிரட்டுக்கு வந்தும் பேர் போடல" என்றார் அந்த அம்மாள். டெக்னீஷியனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மேலிடத்துக்குத் தந்தி போனது. சாடைக் கேள்விகள் நின்று வாழ்த்து வந்தது. எப்படிப் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், மிச்சமுள்ள எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முன்பு வாரத்துக்கு ஒன்று. இனி அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த அம்மாள் என் மேசை முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ நேரமாகும் என்பதால் இருக்கலாம்.

"ஐயா, புதுசாக் கொஞ்சம் பிடிச்சுப் போடச் சொல்லுங்க. குட்டியா இருந்தாலும் பரவாயில்ல. நான் வளத்துத் தாரேன்."

"டாக்டருக்குக் கிழடுதாம்மா வேணும். குட்டி கிழடாக இருபது வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே. நான் என்ன ஓடியா போறேன்?"

இதைவிட நேர்மையான ஆராய்ச்சித் திட்டத்தை அந்த நிலையத்தில் நான் கேட்டதில்லை. இருந்தாலும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வேறு பணியிடம் ஏதாவது உண்டா என்றும் கேட்டேன். தோட்டக்காரர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். சான்றுக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து எழ வேண்டும், முழங்காலைப் படம் எடுக்க வேண்டும். அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"படம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

"வேணாங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை தொடங்குமுன் கொட்டகையில் கங்காணி மட்டும் மிஞ்சியது. எப்போதும் முதலில் வந்த பெண்குரங்கு. நோயில்லாத ஒரு மூட்டும் வேண்டும், மற்றதோடு ஒப்பிட, என்று டாக்டர் அதைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமை நடைமுறைப்படி தகரம் தட்டப்பட்டது. ஒரே ஒரு குரங்குக்காக அந்த அம்மாள் முழு ஓசையோடு, கூட்டம் நிறைந்திருந்த நாட்களில் தட்டியது போல் தட்டினார். கங்காணி துள்ளி ஏறி மேடையில் உட்கார்ந்தது. பழக்கத்தில் பின்னால் திரும்பி ஒருமுறை உறுமியது. பின்னால் யாரும் இல்லை. அன்று முதலில் வந்ததும் அதுதான், கடைசியில் வந்ததும் அதுதான்.

சாயங்காலம் டெக்னீஷியன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க சார், கங்காணி காலைப் பாத்துப்போட்டு வர்றனுங்க. மத்ததைவிட அதுலதான் கல்லு அதிகம். அடைஞ்சு கெடக்குது. இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க அப்படி ஓடுச்சு?"

படிகம் நிறைந்த மூட்டோடு ஓட முடியும். படிகமே இல்லாமல் நொண்டவும் முடியும். கடைசியாக வந்தவற்றுக்கெல்லாம் காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது. டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "சுவாரசியமான விஷயம்" என்றார். அதோடு சரி.

அடுத்த நாள் விடுவிப்பு உத்தரவைக் கொடுத்தேன். அறையை மாதக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு விதியைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தேன். அந்த அம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நாளைக்குப் பிரட்டு எங்கங்கய்யா?"

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மலையில் வேலை முடிந்தால் அடுத்த மலையைக் காட்டுவார்கள் என்பது அவர் பிறந்த தோட்டத்து வழக்கம். இந்த மலையில் அப்படி யாரும் காட்டுவதில்லை. "அரவேணுல காலையில தோட்டத்து ஜீப் வருமாம். தினக்கூலிக்கு ஆள் எடுப்பாங்களாம்" என்றேன். தலையாட்டினார். ஒப்படைக்கக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த பிஸ்கட் தகரத்தைக் காட்டி, இது சர்க்கார் சாமானா என்று கேட்டார். எந்தப் பதிவிலும் அது இல்லை. எடுத்துக்கொண்டு போனார்.

மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள் காலை குன்னூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அரவேணு கடைகளின் முன்னால் பஸ் நின்றது. பனிக்குள்ளிருந்து ஜீப் வந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கியிருந்த பெண்கள் ஓடினார்கள். மேஸ்திரி பின்கதவில் நின்று ஏறியவர்களை எண்ணினான். கடைசியாக, மற்றவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த அம்மாள் வந்தார். கையை முழங்காலில் வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும் என்று, இரு கைகளையும் வயிற்றோடு கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நடந்து வந்தார்.

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தான்.